கோணம் பார்க்காமல் கொடுத்தவர்

ஜெயவேலு கொடுத்ததைப் பற்றி எங்கள் மன்றத்துக்கு ஒரு வருத்தமும் இல்லை. கொடுப்பதற்காகத்தானே மன்றமே நடத்துகிறோம்? யாருக்கும் தெரியாமல் கொடுத்தார், அதுதான் குற்றம். இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன? தென் தாம்பரம் ஈகைச் செம்மல்கள் மன்றத்தின் இணைச் செயலாளர் என்ற முறையில், தொண்ணூற்றிரண்டாம் வருஷத்துக் கோடையில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். என் பேர் துரை. சேலையூர் காம்ப் ரோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஆனால் பெருங்களத்தூர் வரைக்கும் என் பேர் தெரிந்திருப்பது மருந்தால் அல்ல, கோணத்தால்.

கோணம் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வள்ளல் ஓர் ஏழைக்குப் பொருள் கொடுக்கிறார். காமிரா எங்கே இருக்கிறது என்று வள்ளலுக்குத் தெரியும். ஏழைக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இல்லாவிட்டால் கிடைத்த பொருளையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் பின்னாலிருந்து அவர் முழங்கையைப் பிடித்து லேசாக ஒரு திருப்பு திருப்புவேன். வள்ளல் முகம் முழுசாக, ஏழை முகம் முக்காலாக, நடுவில் பொருள். போட்டோக்காரர் சேட்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் ஈகை முடிந்ததாக அர்த்தம். அதுவரைக்கும் ஏழை பொருளை விடவும் கூடாது, எடுத்துக்கொண்டு போகவும் கூடாது.

ஜெயவேலு இந்த மன்றத்துக்குப் புதுசு. கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறை செய்து விற்பவர். ஆரம்பத்தில் கைவண்டியில் உறையை ஏற்றிக்கொண்டு, செருப்பில்லாமல் தாம்பரத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்த மனுஷன். எண்பதுகளில் இந்தப் பக்கத்து வயல்களெல்லாம் மனைகளாகி, ஒவ்வொரு மனையிலும் ஒரு கிணறு தோண்டினார்களா, ஆள் எங்கேயோ போய்விட்டார். இரண்டு லாரி, ஒரு டெம்போ, மாடி வீடு. அப்போதுதான் எங்கள் தலைவர் கேசவன் அவரைப் பிடித்தார். கேசவன் கல்யாண மண்டபத்து முதலாளி. சாதாரணமாக டீ கேட்பதைக்கூட மைக் முன்னால் நிற்கிற தமிழில்தான் கேட்பார்.

“வள்ளல் ஆகாமல் வெறும் பணக்காரராகவே இன்னும் எத்தனை நாள் வாழப்போகிறீர்கள், ஜெயவேலு அவர்களே?” என்று கேட்டார் கேசவன்.

ஜெயவேலு பயந்துபோய் உடனே சேர்ந்துவிட்டார். எவ்வளவு ஆழக் கிணறானாலும் இறங்குவார், மேடையைக் கண்டால் மட்டும் கால் நடுங்கும். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு எண்ணம் வேறு.

விழாவில் வாசிப்பதற்காக அவருடைய வாழ்க்கைக் குறிப்பைத் தயார் செய்ய உட்கார்ந்தோம். சுயமாக முன்னேறிய மனிதர் என்றால் கொஞ்சம் கஷ்டம் வேண்டுமே.

“தெருவிளக்கில் படித்தீர்களா?” என்றார் கேசவன்.

“நான் எங்க சார் படிச்சேன்?”

“போகட்டும். தெருவிளக்கின் அடியில் உட்கார்ந்தாவது இருந்தீர்களா?”

“அப்ப எங்க தெருவுல கரண்ட்டே கெடியாது சார்.”

கேசவன் பேனாவை மூடிவிட்டார். “இந்த மனிதர் தம்முடைய வறுமைக்கே ஒத்துழைக்க மறுக்கிறார்” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

மே மாதக் கூட்டத்தில்தான் குண்டு வெடித்தது. உங்கள் முறை வந்திருக்கிறது, என்ன வழங்கப்போகிறீர்கள் என்று ஜெயவேலுவைக் கேட்டால், மனுஷன் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, “அது போன வாரமே குட்த்துட்டேனே” என்றார்.

சேட்டு காமிராவை மடியில் இறக்கி வைத்தார். மெதுவாகத்தான் விஷயம் வெளியே வந்தது. ஏரிக்கரைப் பக்கம் செல்வமேரி என்று ஒரு பெண். புருஷன் இல்லை. ஜெயவேலுவின் உறைக் கொட்டகைக்கு வந்து காலி சிமென்ட் சாக்குகளை வாங்கிப் போய், கோணி ஊசியால் பை தைத்து விற்றுக்கொண்டிருந்தாள். தையல் நேர்கோடாக இருப்பதைப் பார்த்த ஜெயவேலு, ஒரு தையல் மிஷினை வாங்கி டெம்போவில் போட்டு அவள் வீட்டில் இறக்கிவிட்டு வந்துவிட்டார். மாலை இல்லை, மைக் இல்லை, போட்டோ இல்லை.

அங்கேயே விசாரணை வைத்தோம்.

“நீங்கள் உதவி செய்யவில்லை, ஜெயவேலு அவர்களே!” கேசவன் எழுந்து நின்றுவிட்டார். “இந்த மன்றத்திடமிருந்து ஓர் ஏழையைத் திருடிவிட்டீர்கள். இந்த வட்டாரத்தில் எத்தனை மன்றங்கள் என்று தெரியுமா? நல்ல ஏழை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? போன தடவை ஒரு கண்பார்வை முகாமுக்கு ஆள் கிடைக்காமல் நம் துரையையே உட்கார வைத்தோம். ஒரு மிஷின், ஒரு விதவை, இரண்டையும் ஒரே நடையில் வீணடித்துவிட்டீர்களே!”

“இன்னா சார் பேஜாரா கீது? அந்தம்மாவுக்கு மிஷின் வோணும், குட்த்தேன். இதுல இன்னா சார் தப்பு?”

“அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் வழங்கப்படவில்லை.”

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. மிஷினைத் திரும்ப எடுத்து வரவேண்டும். எங்கள் மண்டலத் தலைவர் வேதசிரோமணி முன்னிலையில், முறைப்படி, மேடையில், கோணத்தில் வழங்கவேண்டும். எடுத்து வருகிற பொறுப்பு ஜெயவேலுவுக்கு. அவரை நம்ப முடியாது என்பதால் துணைக்கு நான்.

செல்வமேரியின் வீடு ஒரே அறை. வெளிச்சத்துக்காக வாசலை ஒட்டி மிஷினைப் போட்டிருந்தாள். நான் அங்கே கண்ட காட்சி இருக்கிறதே, என் சர்வீஸில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வழங்கப்படாத மிஷின் ஓடிக்கொண்டிருந்தது! பக்கத்தில் நீலத் துணியும் வெள்ளைத் துணியும் மலையாகக் குவிந்து கிடந்தன.

“வாண்ணா, வா சார். மிஷின் சோக்கா ஓடுதுண்ணா” என்று எழுந்தாள்.

ஜெயவேலு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நான்தான் விளக்கினேன்.

“குட்த்தத எட்த்துகினு போயி, திருப்பி குடுப்பீங்களா?” செல்வமேரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் முகம் மாறிவிட்டது. “சார், இந்தத் தெருவுல கீற அத்தினி புள்ளைங்களுக்கும் நான்தான் யூனிபாரம் தெக்கிறேன். நம்பி துணியக் குட்த்துகீறாங்க. பள்ளிக்கூடம் தொறக்க சொல்ல ரெடி பண்ணிக் குடுக்கலன்னா, துணிய வாங்கிகினு வேற கடைக்கிப் பூடுவாங்க. அப்பால ஒருத்தியும் எங்கிட்ட வரமாட்டா. நான் மறுக்கா சித்தாளு வேலக்கித்தான் போவணும். என்னால செங்கல் சுமக்க முடியல சார்.”

“வர்ற நாயித்துக்கெயம திரும்பி வந்துடும்மா. எம்மேல சத்தியம்” என்றார் ஜெயவேலு. அந்தச் சத்தியத்தை அவர் செய்திருக்கக் கூடாது. வேதசிரோமணியின் டைரியைப் பார்க்காமல் யாராவது சத்தியம் செய்வார்களா?

மிஷினைக் கேசவனின் மண்டபத்தில், மணமகள் அறையில் வைத்தோம். மாலை போட்டு, குங்குமம் வைத்து, மேலே ஒரு ஜரிகைத் துணி. அந்த ஞாயிற்றுக்கிழமை வேதசிரோமணிக்கு வேறு மூன்று இடத்தில் ஏழைகள் இருந்தார்கள். அதனால் வரமுடியவில்லை. அடுத்த ஞாயிறு அவருக்கே ஒரு பாராட்டு விழா. நடுவில் மண்டபத்தில் நடந்த கல்யாணங்களில், கல்யாணப் பெண்கள் மிஷின் மேல் கண்ணாடியை வைத்து மைதீட்டிக்கொண்டார்கள்.

சும்மா ஒரு மிஷின் அலங்காரத்தோடு நின்றால் நம்மவர்களுக்குக் கை சும்மா இருக்குமா? பெருங்களத்தூர் அரிசி மண்டி உறுப்பினர் ஒருவருக்குப் பேரன் பிறந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவசரமாக ஏதாவது வழங்கவேண்டும் என்றார். அதே மிஷினை வண்டியில் ஏற்றினோம். ஏழைக்கு எங்கே போவது? செல்வமேரியையே கூப்பிட்டோம். மிஷினும் அவளும் ஒருவருக்கொருவர் பழகியவர்கள் அல்லவா? வழங்கினோம். சேட்டு கட்டைவிரலைத் தூக்கினார். மிஷின் மறுபடியும் மணமகள் அறைக்கு வந்துவிட்டது.

பள்ளிக்கரணையில் மனை விற்கிற உறுப்பினருக்கு இது தெரிந்து பொறாமை. அவரும் வழங்கினார். அதே மிஷின், அதே செல்வமேரி. ஆனால் பெருங்களத்தூரில் எடுத்த படத்தில் அவள் கொட்டாவி விட்டிருந்தாள். ராத்திரியெல்லாம் கையாலேயே தைத்தாளாம். இந்தத் தடவை கேசவனே நேரில் பயிற்சி கொடுத்தார்.

“கண் கலங்க வேண்டும், அம்மா. கொடுப்பவர் பூரிக்க வேண்டும், பெறுபவர் கலங்க வேண்டும். அதுதான் ஈகையின் இலக்கணம்.”

மேடையில் அவள் நிஜமாகவே அழுதுவிட்டாள். “பள்ளிக்கூடம் தொறக்கப் போவுது சார், என் மிஷினக் குடுங்க சார்” என்று தேம்பித் தேம்பி அழுதாள். என் அனுபவத்தில் அப்படி ஓர் அழுகை வாய்த்ததில்லை. கோணமும் கச்சிதம். பாழாய்ப்போன சேட்டுவின் காமிராவில் பிலிம் தீர்ந்திருந்தது. மறுபடி அழச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டாள்.

ஜெயவேலு தவியாய்த் தவித்தார். இன்னொரு மிஷினே வாங்கிக் கொடுத்துவிடுகிறேன் என்று அவள் வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கிறார்.

“ஒன்னு குட்த்ததுக்கே இத்தினி தபா என்னைய மேடைக்கி இஸ்துகினு போனீங்க. ரெண்டாவது குட்த்தா நான் வூட்டுக்கே திரும்ப முடியாதுண்ணா. எனுக்கு எம்மிஷினு போதும்” என்று அவள் கதவைச் சாத்திவிட்டாளாம்.

என் கடைக்கு வந்து அதைச் சொன்னார். “பசில இருந்தப்பகூட எனுக்கு இவ்ளோ அவமானமா இருந்ததில்ல துரை சார்” என்றார். வயிற்றுக்கு ஆகட்டும் என்று ஒரு ஜெலுசில் கொடுத்தேன்.

கடைசியில் வேதசிரோமணி தேதி கொடுத்தார். மே கடைசி ஞாயிறு, மாலை. திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடம் திறக்கிறது.

மண்டபம் நிறைந்துவிட்டது. நாங்கள்கூட அசந்துபோனோம். அப்புறம்தான் தெரிந்தது, வந்திருந்தவர்கள் எல்லோரும் செல்வமேரியிடம் துணி கொடுத்த தாய்மார்கள். நாளைக்குப் பிள்ளைக்கு உடுப்பு உண்டா இல்லையா என்று கேட்க வந்தவர்கள். செல்வமேரி, கையால் தைத்தது போக மிச்சம் கிடந்த வெட்டிய துணிகளை ஒரு பெரிய மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். மேடையில் மூட்டை எதற்கு என்றேன். “வய்ங்கி முட்ச்சதும் இங்கியே குந்தி தெக்கிறேன் சார். வூட்டுக்குப் போவ நேரம் கெடியாது” என்றாள். ஏழ்மைக்கு மூட்டை பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பாதுகாப்புக்காக மிஷின் ஊசியைக் கழற்றிக் கேசவன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு விழாவில் வேதசிரோமணிக்கு ஊசி குத்தி, நன்றியுரை நடுவில் நின்றுவிட்டது. அதிலிருந்து இது வழக்கம்.

வரவேற்புரை. பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்குப் பொன்னாடை. ஜெயவேலுவின் வாழ்க்கைக் குறிப்பு. அதில் அவர் தெருவிளக்கில் படித்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்த ஜெயவேலு யாரோ வேறு ஆள் என்று நினைத்துக் கையைத் தட்டினார். அதற்குள் மணி ஏழாகிவிட்டது. அதன் பிறகுதான் வேதசிரோமணி மைக்கைப் பிடித்தார்.

“ஏழைப் பெருமக்களே! நான் பிறந்தபோது எங்கள் வீட்டில் மூன்று கார்கள் இருந்தன. ஓர் ஏழைகூட இல்லை! அந்தக் குறையோடுதான் வளர்ந்தேன். என் சொந்த முயற்சியால் இன்று இந்த மண்டலத்தில் ஆயிரக்கணக்கான ஏழைகளைச் சேர்த்திருக்கிறேன். வறுமையை ஒழிப்போம் என்று சிலர் பேசுகிறார்கள். ஒழித்துவிட்டு? அடுத்த மாதம் நாங்கள் யாருக்குக் கொடுப்பது? இந்தப் பெண்மணிக்கு இன்று மிஷின் கொடுக்கிறோம். அவர் முன்னேறிவிடுவார் என்று யாரும் அஞ்சவேண்டாம்! எங்கள் ஆதரவு அவருக்கு என்றென்றும் தேவைப்படும்!”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கடகடகடகட.

செல்வமேரி ரவிக்கையில் குத்தி வைத்திருந்த தன் சொந்த மிஷின் ஊசியை எடுத்து மாட்டிவிட்டாள். ஜரிகைத் துணி கீழே கிடந்தது. மாலையைக் கழற்றி மைக் ஸ்டாண்டில் மாட்டியிருந்தாள். மைக் அந்தச் சத்தத்தை மண்டபம் முழுக்க அள்ளிக்கொண்டு போனது. வேதசிரோமணி அதைக் கைதட்டல் என்று நினைத்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

கேசவன் குனிந்து ஓடி வந்தார். “அம்மா! நிறுத்துங்கள்! அது இன்னும் வழங்கப்படாத மிஷின்!”

“வய்ங்குங்க சார், நான் வோணான்னா சொன்னேன்? நீங்க பாட்டுக்கு வய்ங்குங்க, நான் பாட்டுக்குத் தெச்சிகினு கீறேன்.”

“அம்மா, ஆடாம இரும்மா, படம் கலைஞ்சி வருது” என்று சேட்டு கெஞ்சினார்.

“ஆடாம எப்டிண்ணா தெக்கிறது?”

நான் கடமை தவறாதவன். பின்னால் போய் அவள் முழங்கையைப் பிடித்தேன். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. என் கையில் ஒரு வெள்ளைச் சட்டையைத் திணித்தாள்.

ஜெயவேலு எழுந்தார். எந்த மேடையிலும் நடுங்குகிற மனுஷன், அன்றைக்கு நடுங்கவில்லை. பொன்னாடையை உதறி நாற்காலியில் போட்டார். ரிப்பன் வெட்டத் தாம்பாளத்தில் வைத்திருந்த வெள்ளிக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, மிஷின் பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். தைத்து விழுகிற பாவாடைகளில் நூலை வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

“துரை சார், இன்னா பாத்துகினு கீறீங்க? அந்தச் சட்டைக்கிப் பட்டன் வெச்சித் தைங்க.”

“நான் இணைச் செயலாளர், ஜெயவேலு!”

“அது தெரியும் சார். பட்டன் தெரியுமா?”

தெரியும். அம்மா இல்லாத வீட்டில் வளர்ந்தவன் நான். உட்கார்ந்தேன்.

தாய்மார்கள் ஒவ்வொருவராக மேடை ஏறினார்கள். ஒருத்தி மடித்துத் தைத்தாள், ஒருத்தி இஸ்திரிப் பெட்டிக்குக் கரண்ட் எங்கே என்று கேட்டாள். வேதசிரோமணியின் தோளில் யாரோ ஒரு பாவாடையைப் போட்டுவிட்டுப் போனார்கள். இன்னொரு பொன்னாடை என்று நினைத்து அவர் நன்றி சொன்னார்.

கேசவனுக்கு வியர்த்துவிட்டது. நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கவில்லை. திடீரென்று ஒரு யோசனை வந்து, மைக்கைப் பிடுங்கி, “தேசிய கீதம்!” என்று அறிவித்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றோம். செல்வமேரியும் நின்றாள். மிஷின் நின்றது. கேசவன் வெற்றியோடு நெஞ்சை நிமிர்த்திப் பாடினார்.

பாடி முடித்ததும் ஜெயவேலு கேட்டார். “சார், தேசிய கீதம் ஆயிட்ச்சின்னா விழா முட்ஞ்சிதுன்னுதானே அர்த்தம்?”

“ஆமாம், அதுதானே மரபு” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் கேசவன்.

“அப்ப இத்த யாரும் வய்ங்கல. எம்மிஷினு எங்கிட்டயே கீது. நான் வோணும்ன்றவங்களுக்குக் குடுப்பேன். உக்காரும்மா, தெய்யி.”

மறுபடியும் கடகடவென்று ஆரம்பித்தது. கேசவன் மண்டபத்து டிபனை மேடைக்கே கொண்டுவரச் சொன்னார். பாவம், அவர் கெட்டவர் இல்லை. தட்டை நீட்டும்போது முகத்தை மட்டும் காமிரா பக்கம் வைத்துக்கொண்டார். கேசரி ஆறுவதற்குள் மூட்டை காலியாகிவிட்டது. ஜெயவேலுவும் இரண்டு தாய்மார்களும் மிஷினைத் தூக்கி டெம்போவில் ஏற்றினார்கள். செல்வமேரி பின்னால் ஏறி, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டெம்போ போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். எதற்காகவோ எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

சேட்டு கழுவிக் கொண்டுவந்த படங்களில் ஒன்றும் தேறவில்லை. எல்லாவற்றிலும் செல்வமேரி ஒரு நீலப் புகையாக இருந்தாள். என்னைத் தேடினேன். ஒரு படத்தின் ஓரத்தில் ஊசி பிடித்த ஒரு கை இருந்தது, முகம் வெட்டுப்பட்டிருந்தது. கோணத்துக்குப் பேர்போன எனக்கே அந்தக் கதி.

ஆனால் திங்கட்கிழமைக் காலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையிலிருந்து ஒரு தாய், புது யூனிபாரம் போட்ட பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். இருமல் மருந்து கேட்டுக்கொண்டே குழந்தையின் காலரைச் சரிசெய்தவள், சட்டென்று முகத்தைச் சுளித்தாள்.

“அல்லாம் நல்லா தெச்சிகீது அந்தம்மா. இந்தப் பட்டன மட்டும் எவன் தெச்சானோ தெரில, கோணையா கீது.”

கல்லாவைத் தாண்டிக் குதித்து வெளியே வந்துவிட்டேன். “நான்! நான்தாம்மா தைத்தேன்!” என்று கத்தினேன். காம்ப் ரோடே திரும்பிப் பார்த்தது. பஸ்ஸில் தொங்கியவர்கள் பார்த்தார்கள், டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள், குழந்தை என் முகத்தைப் பார்த்துக் கலகலவென்று சிரித்தது. சேட்டு மட்டும் அந்த நேரம் பார்த்து அங்கே இல்லை.